பெண்களுக்கான பட்ஜெட்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாலின பட்ஜெட் என்றால் பெண்களுக்கென்று தனி பட்ஜெட்டா, மேடம்?

இல்லை. இருக்கிற பட்ஜெட்டில் எந்தப் பணம் பெண்களைச் சேர்கிறது என்று பிரித்துக் காட்டும் அறிக்கை அது. ஒன்றிய அரசு 2005-06 முதல் வெளியிடுகிறது. முழுத்தொகையும் பெண்களுக்கான திட்டங்கள் முதல் பகுதியில், 30 முதல் 99 சதவீதம் வரை உள்ளவை இரண்டாம் பகுதியில், 30க்குக் கீழ் உள்ளவை மூன்றாம் பகுதியில் வரும். 2025-26இல் மொத்தம் 4.49 லட்சம் கோடி ரூபாய் காட்டினார்கள்.

இந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தை முதல் பகுதியில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியலாம் என்றிருக்க, முழுப்பணமும் பெண்ணுக்கே என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

கேள்வி: மகளிர் உரிமைத்தொகைக்கு ஒதுக்கிய பணம் போதுமா என்று நாமே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 13,807 கோடி. மாதம் 1,000 என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000. அப்போதிருந்த 1.15 கோடிப் பேருக்கு 13,800 கோடி ஆகிறது. மிச்சம் வெறும் 7 கோடி, பார்த்தீர்களா? புதிதாக ஒரு லட்சம் பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு இன்னும் 120 கோடி வேண்டும். ஆகவே "விடுபட்டவர்களையும் சேர்ப்போம்" என்று அறிவிப்பு வந்தால், துணை மானியக் கோரிக்கையில் (ஆண்டின் நடுவே கூடுதல் செலவுக்குச் சட்டமன்றத்தில் அரசு பணம் கேட்பது) அந்தப் பணம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று, விலைவாசி. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், உயர்த்தாமல் விட்ட 1,000 ரூபாய்க்கு ஐந்தாண்டில் சுமார் 780 ரூபாய்ப் பொருள்தான் வரும். விதவை ஓய்வூதியம் இதற்குக் கண்ணெதிரே உள்ள உதாரணம். தமிழ்நாடு 2023இல் 1,200 ஆக்கியது. ஆனால் 40 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 300 ரூபாயைத் தாண்டவில்லை. உதவித்தொகை எதுவானாலும் விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

கேள்வி: இலவசப் பேருந்தால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆனால் சலுகை சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும்தான். காலை எட்டு மணிக்கு உங்கள் நிறுத்தத்தில் சொகுசுப் பேருந்துகளே வந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு எட்டாது. மானியத்தொகையோடு, எந்தத் தடத்தில் எத்தனை சாதாரணப் பேருந்து ஓடுகிறது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் பெண்கள் வேலைக்குப் போவார்களா?

பணம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடம். அங்கன்வாடி மதியமோ மாலை முன்னேரத்திலோ மூடிவிட்டால், ஆறு மணிக்கு வேலை முடிகிற தாய் குழந்தையை யாரிடம் விடுவாள்? முழுநாள் காப்பகத்துக்குக் கூடுதல் ஊழியர், உணவு, வாடகை எல்லாம் தேவை. அங்கன்வாடி ஊழியருக்கான ஒன்றிய அரசின் மதிப்பூதியமோ 2018இல் 4,500 ரூபாய் என்று வைத்ததுதான். பெண்களின் வேலைவாய்ப்புக்கு நான் முதலில் பணம் கேட்பது இங்கேதான்.

கேள்வி: ஒதுக்கினார்களா, செலவழித்தார்களா என்று எங்கே பார்ப்பது?

துறையின் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில், அதாவது அந்தத் துறை சட்டமன்றத்தில் கேட்கும் பணத்தின் விவரப் புத்தகத்தில். ஒவ்வொரு கணக்குத் தலைப்பிலும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவே மாற்றிய கணக்கு), வரும் ஆண்டின் மதிப்பீடு என்று பத்திகள் இருக்கும். பலரும் கடைசிப் பத்தியோடு நின்றுவிடுகிறார்கள். பட்ஜெட் மதிப்பீட்டில் 100 கோடி, திருத்தியதில் 40 கோடி என்றிருந்தால் திட்டம் எங்கோ சிக்கியிருக்கிறது. விதிமுறை தாமதமாக வந்ததா, டெண்டர் முடியவில்லையா, ஆள் போடவில்லையா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாநிலத் துறை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன்" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். "மாவட்டவாரியாக விடுவித்த தொகை, செலவான தொகை, தேதியுடன்" என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசிக்கும்போது தெருவிளக்கு, குடிநீர், பெண்கள் கழிப்பறைப் பராமரிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள். கழிப்பறை கட்டியதற்குக் கணக்கு இருக்கும், தண்ணீர் விடவும் கழுவவும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.