கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சென்னையில் பழைய கார் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளத்தில் நின்ற காரா என்பதைத்தான். அதாவது, சீட்டுக்கு அடிவரை தண்ணீர் புகுந்த வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இங்கே ஏராளமான கார்கள் மூழ்கின.

தண்ணீரில் விழுந்த செல்போன் காயவைத்தால் சில நேரம் வேலை செய்யும். ஆனால் சில மாதம் கழித்து சார்ஜ் ஏறாமல் போகலாம். காரும் அப்படித்தான். ஒயரிங் இணைப்புகள் உள்ளுக்குள் மெல்ல அரித்துப்போகும். மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த பணத்தை மெக்கானிக்கிடம் கொட்ட வேண்டியிருக்கும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல கார்களில் தரையை ஒட்டியே இருக்கிறது; அதில் தண்ணீர் புகுந்தால் விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். பிள்ளையோடு போகிறவர்கள் தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேற்றுக் கறை தெரியலாம். ஸ்டெப்னி குழியில் துரு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கிலோமீட்டர் குறைவு என்றால் நல்ல வண்டி என்று பலர் நம்புகிறார்கள். வேளச்சேரியில் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற காரின் மீட்டரும் குறைவாகக் காட்டலாம்.