ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் என்றால் இறைச்சி சாப்பிடாமல் இருப்பது மட்டும்தானா?

இல்லை. இறைச்சியை விடுவது வெளியே தெரிகிற பகுதி, அவ்வளவுதான்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் 6 ஞாயிறுகளைக் கழித்து 40 என்பார்கள். இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்து சோதிக்கப்பட்ட 40 நாளின் நினைவு அது. மத்தேயு நற்செய்தி சொல்கிறபடி, அங்கே வந்த முதல் சோதனையே பசியை வைத்துத்தான்: கல்லை அப்பமாக்கு. மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்றார் இயேசு. கேட்டபோதெல்லாம் வயிற்றுக்குக் கொடுத்துப் பழகியவருக்கு, தன்னை எது ஆட்டிவைக்கிறது என்பது நிறுத்திப் பார்த்தால்தான் பிடிபடும்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், நோன்பு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. எதையும் ஊர் மெச்சச் செய்யாதே என்கிறார் இயேசு. (தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள் என்றுகூடச் சொல்கிறார்.) பைபிளின் பழைய ஏற்பாட்டில் ஏசாயா 58-ஆம் அதிகாரம் இன்னும் கறார்: வேலைக்காரரை வாட்டிக்கொண்டே உபவாசம் இருந்து பயனில்லை, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்து கொடு. சாப்பாட்டைக் குறைத்து மிச்சமான காசு நம் பையிலேயே தங்கிவிட்டால் அதை டயட் என்றுதான் நான் சொல்வேன்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், வழக்கமாக முந்தைய ஆண்டின் குருத்தோலை ஞாயிறு ஓலைகளை எரித்து எடுப்பது. நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவார்கள்.

ஆதித் திருச்சபையில் ஈஸ்டரன்று ஞானஸ்நானம் பெறவிருந்தவர்கள் இந்த நாட்களில்தான் தயாரானார்கள். ஏற்கெனவே பெற்றவர்கள், கத்தோலிக்கத் திருச்சபையில், ஈஸ்டர் இரவில் தங்கள் ஞானஸ்நான வாக்குறுதிகளை இன்றும் புதுப்பிக்கிறார்கள்.