ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றால் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்குமா?

கேள்வி: நியூஜெர்சியில் நர்சாக இருக்கிறேன், வயது 52. சிறு வயதிலிருந்தே வள்ளலார் வழி. குடியுரிமைப் படிவத்தில் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா என்று கேட்கிறார்கள். ஈராக்கில் நடந்ததைப் பார்த்த பிறகு எப்படிச் சம்மதிப்பேன்? "இந்த வயதில் உன் கையில் யார் துப்பாக்கி கொடுக்கப் போகிறார்கள், ஆமாம் போட்டுவிடு" என்கிறார் கணவர். மனசு கேட்கவில்லை.

பதில்: ஈராக்கை விடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குப் பயன்படுவது வள்ளலார் மட்டும்தான்.

என்னிடம் வந்த சிலர் இங்கேதான் விழுந்தார்கள். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் 'இல்லை' என்று சரியாகவே போட்டிருப்பார்கள். நேர்காணலில் அதிகாரி காரணம் கேட்டதும் புஷ், எண்ணெய் அரசியல் என்று பொரிந்து தள்ளிவிடுவார்கள். அது அரசியல் கருத்து. ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பவருக்கு, ஆயுதம் ஏந்துவேன் என்ற உறுதிமொழியிலிருந்து விலக்கு இல்லை. எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும், அதுவும் சமய நம்பிக்கையாலோ அதற்கு நிகரான அறநெறியாலோ. ஜீவகாருண்யம் அதற்குள் தாராளமாக அடங்கும். சன்மார்க்க சங்கத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், அந்த நெறியில் எப்படி வாழ்கிறீர்கள் என்று நீங்களே எழுதும் இரண்டு பக்கம்.

கணவர் சொல்வதைக் கேட்காதீர்கள். ரோசிக்கா ஷ்விம்மர் என்ற நடுவயது ஹங்கேரியப் பெண்மணியையும் யாரும் போர்முனைக்கு அனுப்பியிருக்கப் போவதில்லை. ஆனாலும் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றதற்காக 1929-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. 1946-இல் ஜிரவார்ட் என்பவரின் வழக்கில் அந்த நிலை மாறியது. இன்று விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வயது அன்றும் கணக்கில் வரவில்லை, இன்றும் வராது. அப்புறம், மனதில் 'இல்லை' வைத்துக்கொண்டு 'ஆமாம்' போடுவது பொய்ச் சாட்சியம். நன்னடத்தையே கேள்விக்குள்ளாகும்.

அதே பகுதியில் இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. தேவைப்பட்டால் அரசு சொல்லும் சிவில் பணியைச் செய்வீர்களா என்பதற்கு மட்டும் விலக்கே கிடையாது. அங்கே 'இல்லை' என்றால் விண்ணப்பம் அதோடு தீர்ந்தது. தயங்காமல் 'ஆமாம்' போடுங்கள்.

மற்றது, படையில் ஆயுதமில்லாப் பணி. சீருடை போட்டுக் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்ட உங்கள் மனசாட்சி இடம் கொடுக்குமா? நீங்கள் நர்ஸ், கொடுக்கும் என்றே நினைக்கிறேன். கொடுத்தால் இதற்கும் 'ஆமாம்' போட்டுவிட்டு, உறுதிமொழியில் 'ஆயுதம் ஏந்துவேன்' என்னும் வாசகத்துக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். கேட்பது குறைந்தால் நிரூபிக்க வேண்டியதும் குறையும். குடியுரிமை ஏற்கும்போது எடுக்கும் உறுதிமொழியில் அந்த ஒரு வாசகத்தை நீக்கித் தருவார்கள்.

கொடுக்காது என்றால் இரண்டுக்கும் கேளுங்கள். ஆனால் நேர்காணலுக்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.