படைப்புழு திரும்பிப் போகாது

அன்புள்ள ஐயா,
பெரம்பலூர் பக்கம் என் மாமா மக்காச்சோளம் போட்டிருக்கிறார். இந்த வருடமும் படைப்புழு. மூன்று தடவை மருந்து அடித்தும் நிற்கவில்லை. அமெரிக்கப் புழு கடல் தாண்டி எப்படி வந்தது? யாராவது வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்களா? பனிக்காலத்தில் போய்விடும் என்கிறாரே மாமா, நிஜமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

சதிக்கதையை விட்டுவிடு. அட்லாண்டிக்கைத் தாண்டியது பெரும்பாலும் சரக்கோடு தொற்றிக்கொண்டுதான். 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 2018இல் கர்நாடகம், அதே வருடம் நம் தமிழ்நாடு, 2019இல் சீனா, 2020இல் ஆஸ்திரேலியா. புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகும், அதற்கு நல்ல காற்று கிடைத்தால் ஒரே இரவில் 100 கிலோமீட்டர் போகும்.

பனிக்காலத்தில் போய்விடும் என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2018 ஐப்பசியில் என் பெரியப்பாவும் இதையேதான் சொன்னார். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி புழு எச்சம். "தை பொறந்தா போயிடும்"னு சொல்லிக்கொண்டே வரப்பில் நின்றார். அடுத்த பட்டத்துக்கும் அதே மக்காச்சோளம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

எங்கே போகும், தம்பி? பல பூச்சிகள் குளிர்காலத்தைக் கூட்டுக்குள் தூங்கிக் கழிக்கும். இதற்கு அந்த வித்தை கிடையாது, இது வெப்பமண்டலப் பூச்சி. வட அமெரிக்காவில் உறைபனி விழுந்தால் செத்துப்போகும். தெற்கு புளோரிடாவிலும் தெற்கு டெக்சாஸிலும் மட்டும் பிழைத்துக் கிடந்து, ஒவ்வொரு வசந்தத்திலும் தலைமுறை தலைமுறையாக வடக்கே ஏறிக் கனடா வரை போகும். அப்புறம் குளிர் வரும், வடக்கே போனதெல்லாம் சாகும். பெரம்பலூரில் எந்த உறைபனி விழுகிறது? மார்கழிப் பனி அதை ஒன்றும் செய்யாது. ஒரு வயலில் சோளம் முற்றும்போது பக்கத்து வயலில் முளைக்கிறது. சாப்பாட்டைப் போட்டுவிட்டு, எப்போது கிளம்புவாய் என்று கேட்டால் எப்படி?

மூன்று தடவை அடித்தார் என்கிறாய். எப்போது அடித்தார் என்று எழுதவில்லையே! அதுதானே முக்கியம்? வளர்ந்த புழு குருத்துக்குள் எச்சத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மேலே அடித்து என்ன பயன்? பணமும் போச்சு, புழுவைத் தின்னும் பூச்சிகளும் போச்சு. பயிர் முளைத்த முதல் வாரத்திலிருந்தே மாமாவை இலைகளைத் திருப்பிப் பார்க்கச் சொல். ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருக்கும், ஒன்றில் நூறுக்கு மேல். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். அதற்குள் கையாலேயே நசுக்கிவிடலாம். நீயும் ஊருக்குப் போய் அவரோடு வயலில் இறங்கு.