கிளிநொச்சியில் இருந்துகொண்டு நிறமாலையியல் மாநாடுகளுக்குப் போவதில் பயன் உண்டா?

நிறமாலையியல் என்றால், ஒரு பொருள் ஒளியை எப்படி உறிஞ்சுகிறது, சிதறடிக்கிறது என்று அளந்து அந்தப் பொருளை அறியும் துறை. கேட்டிருப்பவர் அறிவியல் நகரில் படிக்கும் மாணவர். "கட்டுரைகள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன, பிறகு ஏன் காசு செலவழித்து மாநாட்டுக்குப் போக வேண்டும்?" என்கிறார்.

போக வேண்டும் தம்பி. முதல் மாநாடு பக்கத்து ஊரில் நடப்பதாக இருந்தால் போதும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வட்டக்கச்சியில், இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கம், கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று அளந்துகொண்டிருந்தேன். நைத்திரேற்று 220 நானோமீற்றரில் புறஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துச் செறிவைக் கணக்கிடலாம். மாரி முடிந்த கையோடு எடுத்த ஒரு மாதிரியில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிக் காட்டியது. அந்த வீட்டு அம்மாவிடம் போய், "இனிக் குடிக்க இதை அள்ளாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் சைக்கிள் கரியரில் கானைக் கட்டிக்கொண்டு பொதுக்கிணற்றுக்குப் போய்வரத் தொடங்கினார்.

இதே முடிவை யாழ்ப்பாணத்தில் ஒரு வருடாந்த அமர்வில் வாசித்தேன். தேநீர் இடைவேளையில் வயதான விரிவுரையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து, "பிள்ளை, 275 இலயும் அளந்து பாத்தனீரோ?" என்று கேட்டார். நான் அளக்கவில்லை. நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில் இரண்டு வளைகோடுகள் கீறிக் காட்டினார். கிணற்றில் விழுந்து ஊறுகிற இலைகுழையின் கரிமப் பொருளும் 220 இல் உறிஞ்சும். ஆனால் 275 இல் நைத்திரேற்று உறிஞ்சாது, கரிமப் பொருள்தான் உறிஞ்சும். ஆகவே 275 வாசிப்பை இரண்டால் பெருக்கி 220 வாசிப்பில் இருந்து கழிக்க வேண்டும். கழிக்கும் அளவு 220 வாசிப்பின் பத்திலொரு பங்கைத் தாண்டினால் அந்த முறையையே விட்டுவிட வேண்டும். கைநூலில் இது இருக்கிறது, நானும் வாசித்திருக்கிறேன். என் கிணற்றுக்கு அது பொருந்தும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

வேறு முறையில் திரும்ப அளந்தபோது 50க்குக் கீழே வந்தது. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பேசாமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு வாளி அள்ளி எனக்கே முதலில் குடிக்கத் தந்தார். அந்த நிகழ்ச்சிநிரல் தாள் இன்றும் என் கோவையில் இருக்கிறது. அந்தத் தேநீர் நேரம் இல்லாவிட்டால் என் பிழை அப்படியே அச்சில் ஏறியிருக்கும்.

இனிப் பெரிய மாநாடுகள். மூலக்கூற்று நிறமாலையியலுக்கென்று 1946இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கருத்தரங்கு, 2014 முதல் இலினோய் பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் ஜூன் மாதம் நடக்கிறது. நூல் எழுதிய பேராசிரியர்கள் முன்னால் மாணவர்களும் எழுந்து பத்துப் பதினைந்து நிமிடம் பேசலாம். எனக்கு அதில் மிகப் பிடித்ததும் அதுதான். சிறந்த மாணவர் உரைகளுக்கு அங்கே கொடுக்கும் பரிசு, அக்கருத்தரங்கைப் பல ஆண்டுகள் நடத்திய ஆந்திரர் நரஹரி ராவின் பெயரில் இருக்கிறது. தண்ணீர், மண், உணவு என்று அளப்பவர்களுக்கு 1950இல் பிற்ஸ்பேர்க்கில் தொடங்கிய பிற்கொன் என்ற பகுப்பாய்வு வேதியியல் மாநாடு பொருந்தும். கருவிக் கண்காட்சியும் அதோடு சேர்ந்தே நடக்கும். சிதறும் ஒளியை வைத்து ஆராயும் ராமன் நிறமாலையியலுக்கான உலக மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். 2012இல் அது பெங்களூருக்கே வந்தது.

போக முடியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒகாயோ, இலினோய் கருத்தரங்கின் பழைய ஆய்வுச் சுருக்கங்களை அந்தப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியங்களில் இலவசமாக வாசிக்கலாம். உங்கள் ஆய்வுக்குக் கிட்டிய பத்தை எடுத்து வாசியுங்கள். ஒரு சுருக்கத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது பிடிபடும்.

காசு விசயத்தில், பதிவுக் கட்டணத்தோடு விசாவுக்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மாணவர் உதவித்தொகை இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அதற்கு முதல் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒரு மேடையில் ஏறிவிடுங்கள். உங்களுக்கே விளங்காத ஒரு வரைபையும் கையில் கொண்டுபோய், தேநீர் நேரத்தில் யாரிடமாவது காட்டுங்கள்.