நாகர்கோவிலில் இருந்து நெபுலா படம் எடுக்க எந்த ஆட்டோகைடர் வாங்கலாம்?

ஆட்டோகைடர் என்பது ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டே, வானத்தின் சுழற்சியோடு டெலஸ்கோப்பைத் திருப்பும் மவுண்டின் சிறு பிழைகளைத் திருத்தும் கருவி. உங்களிடம் இருப்பது 72 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), 420 மி.மீ. குவியத் தூரம், எச்.இ.க்யூ.5 மவுண்ட். இதற்குத் தனியாக ஒரு கைடு ஸ்கோப் (கைடு கேமராவுக்கான சிறு டெலஸ்கோப்) போதுமா, மெயின் டெலஸ்கோப்பின் ஒளியிலேயே ஒரு பகுதியைக் கைடு கேமராவுக்குத் திருப்பும் ஆஃப் ஆக்சிஸ் கைடர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைடு ஸ்கோப்பே தாராளம். 30 மி.மீ. விட்டம், 120 மி.மீ. குவியத் தூரம் உள்ள குட்டி ஸ்கோப்பும், ஏ.எஸ்.ஐ.120 எம்.எம். மினி மாதிரி ஒரு கருப்பு வெள்ளை கேமராவும் வாங்குங்கள். அதற்கு மேல் கைடிங்குக்குச் செலவு வேண்டாம்.

அந்த ஜோடியில் ஒரு பிக்சலுக்கு சுமார் 6.4 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வரும். உங்கள் மெயின் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான் என்றால் அங்கே 1.85 வரும். "கைடு கேமரா இவ்வளவு கரடுமுரடாகப் பார்த்தால் எப்படித் திருத்தும்?" என்று தோன்றலாம். கைடிங்கை நடத்தும் பி.எச்.டி.2 மென்பொருள் நட்சத்திரத்தின் மையத்தை ஒரு பிக்சலின் சிறு பகுதி அளவுக்குத் துல்லியமாகக் கணக்கிடுகிறது. பல நட்சத்திரங்களைச் சேர்த்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. அதனால் மூன்றரை மடங்கு வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. 1000 மி.மீ. குவியத் தூரமுள்ள நியூட்டோனியனோ, உள்ளே கண்ணாடி நகரும் ஷ்மிட் கேசக்ரேனோ மாதிரி ஒரு கண்ணாடி டெலஸ்கோப் வாங்கும் அன்று ஆஃப் ஆக்சிஸ் கைடரைப் பற்றி யோசிக்கலாம்.

கேமராவை விட அதை எப்படி மாட்டுகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். டெலஸ்கோப்பின் மேல் உள்ள ஃபைண்டர் ஷூ என்ற சிறு தாங்கியில் ஒற்றைத் திருகில் நிற்கும் கைடு ஸ்கோப்பை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். திரையில் நட்சத்திரம் நகர்ந்து, விரலை எடுத்த பிறகும் பழைய இடத்துக்கு வராவிட்டால் அந்தப் பிடிப்பு உதவாது. கைடிங் பிழையைக் காட்டும் கிராஃப் அழகாகத் தட்டையாக ஓடும், படத்தில் நட்சத்திரமோ நீண்டிருக்கும். இரண்டு வளையங்கள் போட்டு, டெலஸ்கோப் வளையங்களின் மேல் ஒரு டவ்டெயில் பட்டையில் இறுக்குங்கள். யு.எஸ்.பி. கேபிள் தொங்கி இழுக்காமல் கட்டி வையுங்கள்.

இனி நம்ம மாவட்டத்துக்கே உரிய விஷயம். மவுண்டின் அச்சு வான துருவத்தை நோக்கி இருக்க வேண்டும்; அதன் அருகே உள்ள துருவ நட்சத்திரம் இங்கே சுமார் 8 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கே மலையோ தென்னந்தோப்போ இருந்தால் கண்ணிலேயே படாது. எச்.இ.க்யூ.5-க்குச் சொல்லப்படும் அட்சரேகை வரம்பு 10 முதல் 65 பாகை. வடக்குப் பக்கக் காலைக் கொஞ்சம் குறைத்துத்தான் மிச்சம் 2 பாகையை எட்ட வேண்டிவரும். அச்சு இவ்வளவு தாழ்ந்து கிடப்பதால் எதிர்எடைத் தண்டு ட்ரைபாட் காலில் இடிக்கவும் செய்யும். ட்ரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் தூண் வைத்தால் அந்தத் தலைவலி போகும். கைடிங்கில் மிச்சம் பிடித்த பணம் அதற்குப் போகட்டும்.

துருவம் தெரியாவிட்டாலும் அச்சை அதற்கு நேராக அலைன் செய்ய முடியும். படம் எடுக்க உதவும் நினா மென்பொருளின் த்ரீ பாயிண்ட் முறைக்கு வானத்தில் எந்தத் திசை திறந்திருந்தாலும் போதும். பி.எச்.டி.2-இல் நட்சத்திரம் மெல்ல விலகுவதை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் ட்ரிஃப்ட் முறையும் இருக்கிறது: உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுவரை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) அருகே உள்ள நட்சத்திரம் திசைப் பிழையைக் காட்டும், கிழக்கிலோ மேற்கிலோ தாழ்ந்திருப்பது உயரப் பிழையைக் காட்டும். மெதுவான வேலைதான், ஆனால் பலன் உறுதி.

கேலிப்ரேஷனையும் (மவுண்டை நகர்த்தினால் நட்சத்திரம் எப்பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளந்துகொள்வது) வான நடுவரை அருகே செய்யுங்கள். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் ஓரியன் இடுப்புப் பட்டை ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்து நிற்கும், அதை விட வசதியான இடம் இல்லை. எக்ஸ்போஷர் 2 முதல் 3 விநாடி வையுங்கள். அரை விநாடி வைத்தால் வளிமண்டல அலைவால் நட்சத்திரம் துடிப்பதை மவுண்ட் துரத்திக்கொண்டே இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால் சுவர் மறைவில் நில்லுங்கள். அங்கே அடிக்கும் காற்றை எந்தக் கைடராலும் திருத்த முடியாது. முட்டம் மாதிரி கடலோரம் என்றால் கைடு ஸ்கோப் லென்ஸுக்கும் ஒரு டியூ ஹீட்டர் பட்டை சுற்றுங்கள். பனி படிந்தால் மெயின் லென்ஸ் தெளிவாக இருந்தும் கைடு நட்சத்திரம் காணாமல் போய்விடும்.