உதகையின் கல் பங்களா

கேள்வி: உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்திலுள்ள கல் பங்களாவே நீலகிரியில் ஆங்கிலேயர் கட்டிய முதல் வீடு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கோத்தகிரியில் உள்ளவர்களோ அந்தப் பெருமை தங்கள் ஊருக்கே உரியது என்கிறார்கள். எது சரி? (வாசகர், குன்னூர்)

பதில்: கோத்தகிரியில் உள்ளவர்கள் சொல்வதே சரி. அன்றைய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தபோது, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கு என்னும் படுகர் கிராமத்தருகேதான் முதலில் வீடு அமைத்தார். நெடுங்காலம் சிதிலமடைந்து கிடந்த அந்தக் கட்டடம், பின்னர் புதுப்பிக்கப்பட்டு, இன்று நீலகிரி வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக இருக்கிறது. உதகையில் அவர் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியது 1822-இல். ஆகவே அது உதகை நகரின் முதல் பங்களாவே தவிர, மலையின் முதல் வீடு அன்று. தோடர்களின் மேய்ச்சல் வெளியாக இருந்த நிலத்தை ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் சல்லிவன் வாங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. கட்டடத்தின் அழகைப் பேசும்போது அந்த விலையையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மலையிலுள்ள பழைய பங்களாக்களில் முன்தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்திருப்பது ஏன்?

பதில்: சமவெளி பங்களாவின் தாழ்வாரம் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுவதற்காக அமைந்தது. அதே அமைப்பை மலைக்குக் கொண்டுவந்தபோது, பனிமூட்டமும் சாரலும் நேரே அறைக்குள் புகுந்தன. வெயிலோ இங்கே தேடிப் பெற வேண்டிய பொருளாக இருந்தது. கண்ணாடி அடைப்பு சாரலை வெளியே நிறுத்தி, வெயிலை மட்டும் உள்ளே அனுமதித்தது. அறைதோறும் கணப்பு அடுப்பும் கூரைக்கு மேலே எழும் புகைபோக்கியும் வந்தது இந்தக் குளிருக்காகவே. மலை ரயில் குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும்தான் வந்தது என்பதால், அதற்கு முன் கட்டுமானப் பொருள்கள் பெரும்பாலும் மாட்டு வண்டியிலும் சுமைகாரர் தோளிலும் ஏறி வந்தன. எடை குறைந்த தகரக் கூரை இங்கே பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் சுவர் ஓதம் காக்கிறது. சிமென்ட் பூசலாமா?

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், உறிஞ்சிய ஈரத்தைத் தன் மேற்பரப்பின் வழியே வெளியே விட்டு உலர்கிறது. சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தங்கி, சில மழைக்காலங்களில் பூச்சு உப்பி உதிர்வதோடு, சுவரில் பதிந்த மரச்சட்டங்களும் உளுத்துப்போகின்றன. முதலில் கூரை ஒழுக்கையும், சுவரடியில் நீர் தேங்குவதையும் சரிசெய்து, பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.